பழைய தோட்டவீட்டைச் சீரமைக்கும்போது குடும்பம் எங்கே இருப்பது? வீட்டிலா, கொட்டகையிலா, வாடகைக்கா?

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி, மஞ்சூர் பக்கம் தேயிலைக்கும் காய்கறிக்கும் நடுவே நிற்கும் பழைய வீட்டை வாங்கியவர்கள், தாத்தா காலத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வேலை முடியும்வரை வீட்டிலேயே ஓரமாக இருந்துவிடுவதா, தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்வதா, ஊருக்குள் வாடகைக்குப் போவதா? மேஸ்திரியைக் கேட்டால் "காலி பண்ணிக் குடுங்க, மூணு மாசத்துல முடிச்சிடலாம்" என்பார். வீட்டுப் பெரியவர்கள் "பூட்டிட்டுப் போனா கரடிதான் குடியிருக்கும்" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது பாதி உண்மை.

பலரும் மாத வாடகையைக் கணக்குப் போட்டு இதை முடிவுசெய்கிறார்கள். கூரையைப் பார்த்து முடிவுசெய்வதே சரி என்பது எங்கள் கருத்து. காரணம் கீழே.

இங்கே பேசும் வீடு இந்த மாதிரி: ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், உள்ளே மண் சாந்து, மேலே சுண்ணாம்புக் காரை. மங்களூர் ஓட்டுக் கூரை, மரத்தில் கைமரமும் (சரிவாக ஏறிக் கூரையைத் தாங்கும் மரம்) ரீப்பரும் (ஓடு உட்கார அதன்மேல் குறுக்கே அடிக்கும் பட்டை), அடியில் பலகை மச்சு. ஓரிரு அறைகளில் பலகைத் தரை. பின்னால் புகை படிந்த சமையலறை, அதை ஒட்டிப் பிற்பாடு இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு. காங்கிரீட் தளம் போட்ட வீடென்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

கூரையைப் பட்டை பட்டையாகப் பிரிக்க முடியுமா? ஓடும் ரீப்பரும் மட்டும் மாற்றுவதென்றால் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு பட்டையைப் பிரித்து, மூன்று நான்கு நாளில் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முகட்டு உத்திரமோ, சுவரின் தலையில் நீளவாக்கில் கிடந்து கைமரங்களைத் தாங்கும் மரமோ உளுத்திருந்தால் ஒரு பக்கச் சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் திறந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் முடிவே இருக்கிறது.

சோதிப்பது எளிது. ஆசாரியோடு மச்சுக்கு மேலே ஏறி, ஒவ்வொரு கைமரமும் சுவரில் உட்காரும் கடைசி ஒரு அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை ஏறாது. கால் அங்குலத்துக்கு மேல் வெண்ணெயில் போல இறங்கினால் அந்த முனை போய்விட்டது. பத்துக் கைமரத்தில் மூன்று நான்கு அப்படி இருந்தால், அவை உட்கார்ந்திருக்கும் மரத்தையும் சந்தேகியுங்கள். மச்சில் ஒரு பலகையைக் கழற்றாமல் கீழே நின்று பார்த்துவிட்டு "கூரை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

கூரை திறந்திருக்கையில் அறைக்குள் மழை வருவது பெரிய கேடு இல்லை, துடைத்துவிடலாம். சுவரின் தலை நனைவதுதான் கேடு. தண்ணீர் கல்லுக்கு நடுவே இறங்கி மண் சாந்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். இரண்டு கனமழை போதும், சுவர் நடுவில் வயிறு தள்ளிவிடும். அதற்குப் பிறகு அது கூரை வேலை இல்லை, சுவர் வேலை.

உங்கள் வீட்டுக்கு எந்த மழை? ஒரே மாவட்டம்தான், ஆனால் மேற்கிலும் கிழக்கிலும் மழைக்காலம் வேறு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, எமரால்டு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வரும் வடகிழக்குப் பருவமழையே கனம். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மண்சரிவுகள் இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் நடந்தன. ஆக, கிழக்குப் பக்க வீட்டின் கூரையைத் திறக்க ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரைதான் நிம்மதியான காலம். ஏப்ரல் வந்தால் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை இறங்கும். மேற்குப் பக்கத்துக்கும் அதே மாதங்கள்தான், மே கடைசிக்குள் மூடியே ஆக வேண்டும். நல்லவேளை, ஜனவரி முதல் மார்ச்வரை பனியாலும் வறட்சியாலும் தேயிலைக் கொழுந்து குறைவு, ஆள் கிடைக்கும்.

இதே மாதங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் தொடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாந்து குழைக்க, நனைக்க, சாமான் கழுவ என்று வேலைக்குப் போகும் தண்ணீர் வீட்டுச் செலவுக்குச் சமமாக வந்துவிடும். வேலைக்கென்று தனியாக 1,000 லிட்டர் தொட்டி வையுங்கள். ஒரே தொட்டி என்றால் மாலையில் குளிக்கத் தண்ணீர் இருக்காது.

கழிவறையும் அடுப்பும். ஒரே கழிவறை உள்ள வீட்டில், இரண்டாவது ஒன்று தயாராகும்வரை அதைத் தொடக்கூடாது. சமையலறையும் கழிவறையும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனால் எப்பேர்ப்பட்ட குடும்பமும் கிளம்பிவிடும்.

தூசியில் என்ன இருக்கிறது? மச்சுக்கு மேலே பல பத்தாண்டுக் கரி, எலிப் புழுக்கை. பழைய கதவு, ஜன்னலில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகளின் கை வழியாக வாய்க்குப் போகும். சாய்ப்பின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து இறக்கினால் அதன் இழை காற்றில் நிற்கும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள், கர்ப்பிணி, இளைப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் இந்தக் கேள்வியே மற்றவற்றை முந்தும்.

வண்டி எதுவரை வரும்? எம்-சாண்டும் ஜல்லியும் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மலையேற வேண்டும். டிப்பர் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நூறு அடிப் படிக்கட்டு என்றால் சுமைக்கூலி தனிக் கணக்கு. மூன்று வழிகளுக்கும் இது ஒன்றுதான், ஆனால் வீட்டில் குடும்பம் இருந்தால் பொருளைக் கொட்டிவைக்க இடம் குறையும். சின்னச் சின்ன லோடாக வரவழைக்க நேரும், கூலி ஏறும். சீசன் நாட்களில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழியாக்கும்போது கோத்தகிரிக்காரருக்கு லோடு சுற்றி வரும். ஏப்ரலுக்கு முன் கனமான பொருளை எல்லாம் ஏற்றிவிடுவது நல்லது.

அனுமதி. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. மண் வெட்டும் கனரக இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பழுதுபார்ப்புதானே என்று விட்டுவிடாமல், இருக்கும் சுவர், உயரம், பரப்பு மாறாது என்று எழுதி, படங்களோடு ஊராட்சியிலோ நகராட்சியிலோ கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகே ஓட்டைத் தொடுங்கள். உங்கள் பட்டாவில் நிற்கும் மரமானாலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அனுமதி கிடைத்து வெட்டினாலும் பச்சை மரத்தைக் கைமரமாக ஏற்றாதீர்கள். காய்ந்து முறுக்கிக்கொண்டால் ஓட்டுக்கு நடுவே இடைவெளி விழும்.

## வழி 1: வீட்டிலேயே இருந்துகொண்டு

கூரையைப் பட்டையாகப் பிரிக்க முடிகிற வீட்டுக்கு, இரண்டு தனிக் கூரை உள்ள வீட்டுக்கு (முன்கட்டு, பின்கட்டு) இதுவே நல்ல வழி. மாடு, கோழி, காய்கறி இருக்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இதைவிட்டால் வழியில்லை.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் கண்காணிப்பு. அடுத்தது, அடுப்பு எரிவது. மலையில் பூட்டிக்கிடக்கும் வீட்டில் மூடுபனிக் காலத்தில் இரண்டு மூன்று வாரத்திலேயே பூசணம் பிடிக்கும். தினமும் நெருப்பு எரிந்தால் சுவர் காய்கிறது, புகை ஏறும் கைமரத்தில் உளு விழுவதும் குறைவு.

வேலை வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. வீட்டுக்கு மேட்டுப்பக்கம் உள்ள வடிகால். மேலிருந்து வரும் தண்ணீரைச் சுவருக்கு நான்கடி தள்ளியே திருப்பிவிடாமல் உள்ளே பூசினால், ஓதம் மீண்டும் ஏறும். தடுப்புச் சுவர் இருந்தால் அதன் தண்ணீர்த் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள்.
2. புதிய கழிவறை. உறிஞ்சுகுழி எப்போதும் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ச்சரிவில்.
3. ஓர் அறையை மட்டும் முழுதாக முடிப்பது: வயரிங், தரை, பூச்சு எல்லாம். குடும்பத்தின் தங்குமிடம் அது. வேலை முடியும்வரை அந்த அறைக்குள் கருவிகள் போகக் கூடாது.
4. கூரை, பட்டை பட்டையாக.
5. மற்ற அறைகளின் வயரிங், குழாய், தரை, பூச்சு, கடைசியில் வர்ணம்.

கூரைப் பட்டையைப் பிரிக்கும் முன் தார்ப்பாய் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு அடிப் பட்டைக்கு 18×24 அடியில், 200 ஜிஎஸ்எம்-க்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாத பாய். அகலத்தில் இருபுறமும் மூன்றடி மிஞ்சும். நீளத்தில் முகட்டைத் தாண்டி மூன்றடி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், கீழே இறவாரத்தைத் தாண்டி ஓரடி தொங்க வேண்டும். கண்ணியில் கயிறு கட்டினால் மட்டும் போதாது, காற்றில் கண்ணி கிழிந்துவிடும். பாயின் விளிம்பை ஒரு ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆணி அடித்து, அந்த ரீப்பரைக் கட்டுங்கள். பாய் முகட்டைத் தாண்டாத இடத்தில் மேல் விளிம்பு, பிரிக்காத ஓட்டின் அடியில் நுழைய வேண்டும்; மேலே கிடந்தால் தண்ணீர் அடியில் புகும். மாலை நான்கு மணிக்கு வானம் தெளிவாக இருந்தாலும் பாய் போட்டே இறங்க வேண்டும். இதில் மட்டும் மேஸ்திரியோடு சண்டை போடலாம்.

ஓட்டுக் கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு, நூறு சதுர அடிக்கு 140. கூரைப் பரப்பு 1,500 சதுர அடி என்றால் 2,100 ஓடு. பழையதைக் கவனமாக இறக்கினாலும் பத்துக்கு ஒன்று உடையும் என்று கொண்டு புதிது வாங்குங்கள். ஒரு தொழிற்சாலையின் ஓடு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாகப் பூட்டாது. பழைய ஓட்டின் அடியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள், ஒன்றைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அதே ஓடு கிடைக்காவிட்டால் நல்ல பழைய ஓட்டை எல்லாம் ஒரு சரிவுக்கும், புதியதை மறுசரிவுக்கும் ஒதுக்குங்கள். கலந்து போட்டால் ஒழுகும்.

வேலை நடக்கும் பாதிக்கும் இருக்கும் பாதிக்கும் நடுவே ரீப்பர் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பாய் இழுத்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். வேலை அறையின் ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்புறம் பார்த்து ஓடவிட்டால் தூசி உங்கள் பக்கம் வராமல் வெளியே இழுபடும். கதவு, ஜன்னல் பெயிண்டைத் தண்ணீர் தொட்ட எமரியால் தேய்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்கச் சொல்லுங்கள், சுத்தியல் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படிப் பாயால் அடைத்த அறையில் குளிருக்குக் கரி அடுப்பு வைத்துப் படுப்பது உயிருக்கு ஆபத்து. பழைய வீட்டின் ஓட்டு இடுக்கு வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது. இப்போது நீங்களே அதை அடைத்துவிட்டீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகைபோக்கி உள்ள கணப்பில் எரியுங்கள், இல்லாவிட்டால் கம்பளிதான்.

மின்சாரத்தில், மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்கில் கட்டிங் மெஷின், மிக்ஸர் எதையும் மாட்டவிடாதீர்கள். மீட்டருக்குப் பக்கத்தில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த தனிப் பெட்டி, வேலைக்கு மட்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆட்களும் நடக்கும் பிள்ளைகளும் உள்ள இடம் அது.

மறைந்திருக்கும் செலவு நாட்கள்தான். வெளியூர் ஆட்கள் ஒன்பது மணிக்கு வந்து கடைசி பஸ்ஸைப் பார்த்துக் கிளம்பும் இடத்தில், காலையில் கட்டிலை நகர்த்தவும் மாலையில் கூட்டிப் பெருக்கவும் ஒரு மணி நேரம் போகும். நான்கு மாத வேலை ஆறேழு மாதம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சதுர அடி ஒப்பந்தம் ஒத்துவராது. ஒப்பந்தக்காரர் தாமதத்துக்கெல்லாம் உங்களைக் காரணம் காட்டுவார். நாள்கூலிக்கு ஒரு நல்ல கொத்தனார், ஒரு ஆசாரி, இரண்டு ஆள். அவ்வளவு போதும்.

## வழி 2: தோட்டத்தில் கொட்டகை

முதலில், ஏற்கெனவே நிற்கும் நான்கு சுவர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லயன் அறை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), மாட்டுக்கொட்டகை, கார் ஷெட் எதுவானாலும், அதைக் கழுவி, தரை போட்டு, கூரை மாற்றுவது புதிதாகப் போடுவதைவிட மலிவு. அனுமதித் தொல்லையும் குறைவு. புதுக் கொட்டகை தற்காலிகம் என்றாலும் உள்ளாட்சியில் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நான்கு பேருக்கு 12×20 அடி. இரண்டு அங்குல ஜிஐ பைப்பில் பத்துத் தூண்: நீளப் பக்கம் நான்கு நான்கு, குறுக்குப் பக்கத்தின் நடுவில் ஒவ்வொன்று. குழி ஒன்றரை அடிச் சதுரம், இரண்டடி ஆழம், 1:2:4 காங்கிரீட் (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு). பத்துக் குழிக்கும் சேர்த்து எட்டு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். இதில் சிக்கனம் பார்த்துத் தூணை மண்ணில் புதைத்தால் ஜூலைக் காற்றில் ஷீட்டோடு போய்விடும். தரையை ஒன்பது அங்குலமாவது உயர்த்துங்கள்.

முதல் வாரத்திலேயே "கூரை ஒழுகுது" என்பார்கள். ஒழுகாது. இரவுக் குளிரில் வீட்டார் விடும் மூச்சும் சமையல் ஆவியும் தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலை படுக்கையில் சொட்டும். ஷீட்டுக்கு அடியில் ஃபாயில் ஒட்டிய நுரை விரிப்பு போட்டு, உச்சியில் இருபக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டால் நிற்கும். ஜனவரியில் உதகைப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் நாட்களில் இதுகூடப் போதாது. கைக்குழந்தையோடு அங்கே தகரக் கொட்டகையில் இருக்க நினைக்க வேண்டாம்.

இடம் தேர்வில் இரண்டு விதி. வெட்டிய மேட்டின் அடியில் கூடாது. அந்த மேடு எத்தனை உயரமோ அத்தனை தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். காட்டெருமை நடக்கும் தடத்தில் கூடாது; அது வேலியைப் பார்த்து வழி மாற்றாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி எண்ணெய், நெய், அரிசி வாசனைக்குக் கதவை உடைத்து வருவது வாடிக்கை. தகரக் கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் படுக்கை கொட்டகையில், சமையலும் மளிகையும் பழைய வீட்டின் கல் சமையலறையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் கழிவறைக்கு வெளியே நடக்க வேண்டியிருக்கக் கூடாது. கொட்டகையை ஒட்டியே ஒன்று கட்டி, நான்கு அங்குலப் பைப்பில் இருக்கும் செப்டிக் தொட்டிக்கு இழுங்கள்.

இதன் பெரிய சாதகம், வேலை முடிந்தபின்னும் பொருள் கையில் நிற்பது. உரமூட்டை, கருவி, விறகு, வண்டி எதற்காவது ஆகும். வாடகை போனால் போனதுதான். பாதகம், முதல் மாதச் செலவு முழுவதும் வீட்டுக்கு எதுவுமே நடக்காமல் போவது. கொட்டகைக்கே மூன்று நான்கு வாரம் ஆகும். ஜனவரியில் கூரை பிரிக்க வேண்டுமானால் மழைக்கு முன், செப்டம்பருக்குள் இதைத் தொடங்கியிருக்க வேண்டும்.

## வழி 3: வாடகை வீடு

கூரை முழுதாக இறங்க வேண்டும், பலகைத் தரை எல்லா அறையிலும் போய்விட்டது, அல்லது வீட்டில் இளைப்பு நோயாளி இருக்கிறார் என்றால் யோசிக்க வேண்டாம். போய்விடுங்கள்.

வேலை வேகமாக நடக்கும், ஒப்பந்தத்துக்கு விடலாம். ஆனால் வாடகைக் கணக்கை மேஸ்திரி சொல்லும் மாதத்தால் பெருக்காதீர்கள். ஒன்றரை மடங்கால் பெருக்குங்கள். மாதம் 12,000 என்று வைத்தால், நான்கு மாதம் சொன்ன வேலைக்கு 72,000. அதோடு இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் கூலி, தினமும் தோட்டத்துக்குப் போய்வரும் பெட்ரோல், இரவுக் காவலாள் சம்பளம். முன்பணத்துக்கு 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் கூடலாம். பதினொரு மாதத்துக்கு எழுதினால் இடையில் காலி செய்யும் நிபந்தனையையும் எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உதகை, குன்னூரில் வீடு தேடாதீர்கள். சுற்றுலாக்காரருக்குத் தினவாடகைக்கு விடவே உரிமையாளர் விரும்புவார்.

நீங்கள் இல்லாதபோது போகும் பொருள்: தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், கணப்பின் வார்ப்பிரும்புச் சட்டம். இவற்றை முதலிலேயே கழற்றி எண் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் இல்லாதபோது நடக்கும் தவறுகள் அதைவிடச் செலவானவை. ஒன்று, மண் சாந்துச் சுவரில் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்பு, சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, இரண்டு மூன்று ஆண்டில் பூச்சு பாளம் பாளமாக விழும். கூடவே கைமர முனைகளும் நனையும். இரண்டு, பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்காகச் சுவரில் விட்டிருக்கும் துளைகளை "எலி வரும்" என்று அடைப்பது. கம்பி வலை அடித்தால் போதும். அடைத்தால் தரை மரம் உளுக்கும். மூன்று, வடிகாலைக் "கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விடுவது. இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதுங்கள். பணத்தைக் கூரை, வயரிங், தரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதம் ஒரு கனமழை பார்த்த பிறகு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டிலேயே | கொட்டகை | வாடகை |
|---|---|---|---|
| ஏற்ற கூரை | பட்டையாகப் பிரிக்கக்கூடியது | இரண்டும் | முழுதாக இறக்க வேண்டியது |
| முதல் செலவு | குறைவு | அதிகம், பொருள் நிற்கும் | நடுத்தரம், திரும்பாது |
| மறை செலவு | கூடுதல் மாதங்களின் கூலி | ஈரத் தடுப்பு, கழிவறை, மின் இழுப்பு | காவல், போக்குவரத்து, தவறான பூச்சு |
| கண்காணிப்பு | முழுமை | முழுமை | குறைவு |
| தூசி, ஈயம் | அதிகம் | குறைவு | இல்லை |
| மாடு, பயிர் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | ஆள் வைக்க வேண்டும் |
| கூலி முறை | நாள்கூலி | இரண்டும் | ஒப்பந்தம் |

## யாருக்கு எது, எப்போது கலப்பது

ஒரே வழியை முதல் நாளிலிருந்து கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டைவிட்டு விலகி இருக்க வேண்டிய நாட்கள் ஐந்தாறு வாரம்தான்: கூரை திறந்திருக்கும் காலமும், மச்சுத் தூசி இறங்கும் நாட்களும். அந்த வாரங்களை உறவினர் வீட்டிலோ பக்கத்து லயன் அறையிலோ கழித்துவிட்டு, மற்ற மாதங்களில் வீட்டுக்குள் இருப்பது செலவிலும் தரத்திலும் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கான காலக்கணக்கு இது. ஆகஸ்டில் மச்சில் ஏறிச் சோதனை, அனுமதி விண்ணப்பம், மரத்துக்குச் சொல்லிவைப்பது. மரம் நிழலில் காய நாள் வேண்டும். செப்டம்பருக்குள் மேட்டுப்பக்க வடிகாலும் புதுக் கழிவறையும். மழைக்காலத்தில் வெளி வேலை நிறுத்தி, தங்கும் அறையின் வயரிங்கை மட்டும் முடிப்பது. டிசம்பர் கடைசியில் லாரியில் வரும் புது ஓட்டை இறக்கி அடுக்கி வைப்பது. ஜனவரிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் திரும்பியதும் கூரை. குடும்பம் விலகி இருப்பது இப்போதுதான். மார்ச்சில் திரும்பி வந்து தரை, குழாய். சுண்ணாம்புப் பூச்சு ஏப்ரல், மே. உறைபனி இரவுகளில் பூசினால் இறுகாமல் உதிரும், மழையில் பூசினால் காயாது. ஜூன் மூடுபனி வரும்முன் முதல் வெள்ளை அடித்திருக்க வேண்டும்.

சிமெண்டை மாதத்துக்கு வேண்டியது மட்டும் ஏற்றுங்கள். மலை ஈரத்தில் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்கினாலும் மூட்டை ஓரம் கட்டிபிடிக்கும். கட்டிபிடித்ததை உடைத்துச் சலித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால், நடைபாதைக்குப் போடச் சொல்லுங்கள், வீட்டுக்கு வேண்டாம்.

பழனி மலையில் இருப்பவர்களுக்கு இதே கணக்கில் ஒரு மாற்றம். கொடைக்கானலுக்கும் வடகிழக்குப் பருவமழையே கனம், அதனால் கூரைக்கு ஜனவரி முதல் மார்ச்வரை சரிதான். ஆனால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற காப்பி ஊர்களில் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பழம் பறிப்பு. அங்கே ஜனவரியில் உள்ளூர் ஆள் கிடைக்காது. வத்தலக்குண்டு பக்கமிருந்து ஓட்டு வேலைக்காரரைத் தங்கவைத்து வேலை வாங்க வேண்டியிருக்கும். அந்தத் தங்குமிடத்தையும் கொட்டகைக் கணக்கில் சேர்த்து, 12×20 என்பதை 12×30 ஆக்கிக்கொள்ளுங்கள்.